தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) குறைந்திருக்கும்போது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தரலாமா?

கேள்வி:
வணக்கம். இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயாருக்கு, கால் நாளங்களில் இரத்தம் உறைந்துவிடாதிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டு வந்தார்கள். ஒரு வாரத்தில் தட்டணுக்கள் 2,40,000-இலிருந்து 90,000-ஆகக் குறைந்துவிட்டன. ஹெப்பாரினை நிறுத்தியது புரிகிறது. ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறொரு மருந்தை உடனே தொடங்கியிருக்கிறார்கள், தட்டணுக்களும் ஏற்றவில்லை. இரத்தக்கசிவு ஏற்பட்டுவிடாதா? விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (மருத்துவர்):
உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் ஹெப்பாரினாலேயே தட்டணுக்கள் குறையும் இந்நிலையில் (ஆங்கிலச் சுருக்கம் HIT) கசிவை விட உறைவுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். தட்டணுக்கள் வெளியிடும் பிஎஃப்4 என்னும் புரதத்துடன் ஹெப்பாரின் சேரும்போது, சிலருடைய உடல் அந்தக் கூட்டுப்பொருளுக்கு எதிரான ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) உருவாக்கிவிடுகிறது. அந்த ஆன்டிபாடிகள் தட்டணுக்களைத் தூண்டிவிட, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைகட்டிகளாகிச் செலவழிந்துபோவதால்தான் எண்ணிக்கை சரிகிறது. ஹெப்பாரின் தொடங்கிய 5 முதல் 10 நாட்களுக்குள் தட்டணுக்கள் பாதிக்கும் மேல் குறைந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். ஊசியை நிறுத்திய பிறகும் உறையும் போக்கு சில வாரங்கள் நீடிக்கும் என்பதால், ஆர்கட்ரோபான், ஃபோண்டாபாரினக்ஸ் போன்ற மாற்று மருந்தை ஆன்டிபாடி சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் தொடங்குவதே முறை. கசிவு இல்லாதவருக்குப் பொதுவாகத் தட்டணுக்கள் ஏற்றுவதில்லை.

பதில் 2 (செவிலியர்):
ஒன்றை மட்டும் வார்டில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தநாளத்தில் செருகிய குழாய்) அடைத்துக்கொள்ளாதிருக்க ஹெப்பாரின் கலந்த நீரைச் செலுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆன்டிபாடிகள் மீண்டும் தட்டணுக்களைத் தூண்ட அந்தச் சிறு அளவும் போதுமானது. வெறும் சலைன் கொண்டே லைனைக் கழுவ வேண்டும். கேஸ் ஷீட்டின் மேற்புறத்தில் 'ஹெப்பாரின் கூடாது' என்று பெரிதாக எழுதியிருந்தால், பணி மாறி வருபவர்களும் கவனிப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிறகு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். எப்போது தொடங்கலாம்?

பதில் 1 (மருத்துவர்):
தட்டணுக்கள் 1,50,000-ஐ எட்டிய பிறகே தொடங்க வேண்டும். உறைவைக் கட்டுப்படுத்தும் புரதம் சி-யை வார்ஃபரின் முதலில் குறைத்துவிடுவதால், அவசரப்பட்டால் உறைவு கூடிக் கை கால் அழுகிப்போகும் அபாயம் உண்டு. தொடங்கும்போதும் மாற்று மருந்தைக் குறைந்தது 5 நாட்கள் சேர்த்தே தர வேண்டும். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த ஒவ்வாமையை எழுதி வாங்கி, இனி எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் காட்டுங்கள். ஆன்டிபாடிகள் பெரும்பாலும் 100 நாட்களுக்குள் மறைந்துவிடும். அதற்குள் மறுபடி ஹெப்பாரின் போட்டால் ஒரே நாளில் தட்டணுக்கள் சரிந்துவிடக்கூடும்.