ஆம்ப் அணைக்கும்போது 'டொம்' – ரிலே போர்டு போட்டும் நிற்கவில்லை, உதவி வேண்டும்

குமுளியிலிருந்து:
வணக்கம். வண்டிப்பெரியாறு பக்கம் எங்கள் எஸ்டேட் கோயிலில் அசெம்பிள் செய்த ஆம்ப் ஒன்று இருக்கிறது. டிடிஏ7294 என்ற ஆம்ப் ஐசி வைத்த போர்டு இரண்டு, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சின்ன மிக்சர், 12 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு. முன்பு ஆன் செய்தாலே ஸ்பீக்கரின் கோன் (முன்பக்கக் கூம்பு) துள்ளும். ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் ரிலே போர்டு (ஸ்பீக்கர் வயரைச் சேர்க்கவும் துண்டிக்கவும் செய்யும் தானியங்கி சுவிட்ச்) போட்டதும் ஆன் சத்தம் நின்றது. ஆஃப் செய்யும்போது மட்டும் 'டொம்' அப்படியே இருக்கிறது. பக்கத்து மோட்டாரை நிறுத்தினால் ஒரு 'டிக்'. லயத்து ஆட்கள் தலைக்கட்டு வரி போட்டு வாங்கிய ஸ்பீக்கர், கோன் போய்விடக் கூடாது என்று கவலையாக இருக்கிறது.

செங்கோட்டையிலிருந்து:
போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். இந்த வரிசையைப் பிடித்தாலே பாதி சரியாகும்.

குமுளியிலிருந்து:
அந்த வரிசையில்தான் செய்கிறோம் அண்ணே. ஆனால் ஆடி மாத மழையில் கரண்ட் தானாகப் போனால் எல்லாம் ஒன்றாகத்தானே அணைகிறது?

கம்பத்திலிருந்து (சர்வீஸ் வேலை):
தம்பி, முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். மிக்சர் வயரைக் கழற்றி, ஆம்ப் இன்புட்டின் நடு முனையையும் கிரவுண்டையும் சேர்த்து ஷார்ட் செய்துவிட்டு அணையுங்கள். சத்தம் போய்விட்டால் மிக்சர்தான் காரணம். இருந்தால் ஆம்ப். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ரிலேக்கு முந்தின அவுட்புட்டில் மீட்டரை டிசியில் வைத்தும் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. 100-ஐத் தாண்டினால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான கேள்வி: ரிலே போர்டுக்கு சப்ளை எங்கிருந்து போகிறது?

குமுளியிலிருந்து:
இன்புட் ஷார்ட் செய்தும் சத்தம் வருகிறது, கொஞ்சம் குறைவாக. டிசி 20 மில்லிவோல்ட். ரிலே போர்டு 12 வோல்ட் போர்டு. மெயின் + சப்ளையிலிருந்து ரெசிஸ்டர் வைத்துக் கொடுத்திருக்கிறது.

கம்பத்திலிருந்து:
அதுதான் விஷயம். கரண்ட் போன பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் இருக்கும். அது வடியும் வரை ரிலே பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்குள் ஐசி நிலை தடுமாறி டொம்மென்று தள்ளும், மிக்சரும் தன் பங்குக்குச் சேர்க்கும். ரிலே திறந்திருந்தால் இரண்டுமே ஸ்பீக்கருக்குப் போகாது. போடும்போது ரிலே தாமதமாகச் சேர வேண்டும், போகும்போது உடனே விட வேண்டும். உங்கள் போர்டு முதல் வேலையை மட்டும் செய்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரில் டோன் போர்டுக்கென்று 12 வோல்ட் வைண்டிங் தனியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஆம்ப் சுவிட்சுக்குப் பிறகு போடலாம். ஏசியை டிசியாக்கத் தனி பிரிட்ஜ், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும், பெரியது போடாதீர்கள். கண் இமைப்பதற்குள் ரிலே விட்டுவிடும். ரிலே போர்டில் யூபிசி1237 என்ற ஸ்பீக்கர் பாதுகாப்பு ஐசி இருந்தால் இன்னும் சுலபம்: நாலாவது பின் ஏசி போவதைக் கண்டுபிடிக்கவே இருக்கிறது, அதற்கு டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி வயரைத்தான் தர வேண்டும்.

வேலை தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் அடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் வைத்த சாதா டிலே போர்டு என்றால், கரண்ட் போய் ஒரு நொடியில் திரும்பினால் ரிலேயைத் தாமதிக்க வைக்கும் டிலே கெப்பாசிட்டர் காலியாகியிருக்காது. ரிலே உடனே சேர்ந்து ஆன் சத்தம் திரும்ப வரும். அந்தக் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்யும் டைமிங் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை சப்ளை பக்கம்.

குமுளியிலிருந்து:
12 வோல்ட் வைண்டிங் சும்மாவே கிடந்தது! அதிலிருந்து கொடுத்தோம், டயோடும் போட்டாயிற்று. இப்போது அணைத்தால் ரிலே 'டக்' என்பது மட்டும் கேட்கிறது. கோன் அசையவே இல்லை. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. மோட்டார் 'டிக்' மட்டும் பாக்கி.

கம்பத்திலிருந்து:
அது சுவிட்சில் விழும் பொறி. 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 என்று அச்சடித்த கெப்பாசிட்டரோடு 100 ஓம் சீரியஸில் சேர்த்து மோட்டார் சுவிட்சின் குறுக்கே போட வேண்டும். 230 வோல்ட் வேலை, வயர்மேனை வைத்தே செய்யுங்கள். சாதா கெப்பாசிட்டர் அங்கே வெடிக்கும்.