2022-இல் கார்கள் துள்ளியது தரைத்தளத்தின் குறையா, சஸ்பென்ஷனின் குறையா?

வேகமானி:
2022-ஆம் ஆண்டு பார்முலா ஒன் கார்கள் நேர்ப்பாதையில் துள்ளியதை, சக்கரங்களைக் காரோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனின் குறை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிய விதிகளால் காரின் அடிப்பரப்பான தரைத்தளத்தில் இரு பெரிய காற்றுச் சுரங்கங்கள் அமைந்தன. கார் தரையை நெருங்க நெருங்க அவற்றில் காற்று விரைந்து, கீழே இழுக்கும் விசை பெருகும், இடைவெளி ஓர் எல்லைக்குக் கீழே குறுகியதும் காற்றோட்டம் தடைபட்டு அந்த விசை சட்டென விழும், கார் எழும்பும், எழும்பியதும் காற்றோட்டம் மீண்டு அதை மறுபடி இழுக்கும். குறை பிறந்த இடம் காற்றியக்க வடிவமைப்பு. சஸ்பென்ஷன் அதன் விளைவைச் சுமந்தது, அவ்வளவே. 2023-இல் தரைத்தளத்தின் விளிம்பை 15 மில்லிமீட்டர் உயர்த்தியதும் துள்ளல் பெருமளவு அடங்கியதைப் பாருங்கள்.

சுருள்வில்:
நண்பர் வேகமானி சொன்ன சுழற்சியில் ஒரு பாதி விடுபட்டுள்ளது. விசை விழுந்ததும் காரை மேலே தள்ளுவது ஸ்பிரிங்கும் டயரும்தான். அந்த அசைவை அடக்க வேண்டியது டேம்பர் என்னும் அதிர்வுத் தணிப்பான். கீழ்நோக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 2 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங், விகிதம் மாறாவிட்டால், 300-இல் 18 மில்லிமீட்டர் அமுங்கும். இந்த 16 மில்லிமீட்டருக்குள்தான் தரைத்தளம் தன் வேலையைச் செய்தாக வேண்டும். அமுங்காதிருக்க ஸ்பிரிங்கை இறுக்கினால், மெதுவான வளைவுகளில் டயர் மேடுபள்ளத்தைத் தழுவாமல் பிடி இழக்கும். முன்பு இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவே வழி காண உதவிய இனெர்ட்டரும் (சக்கர அசைவின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் கருவி), திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்புகளும் அதே 2022-இல் தடைசெய்யப்பட்டன. சக்கரமும் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகி, டயரின் பக்கச்சுவர் குட்டையானது. தேவை கூடிய நேரத்தில் கருவிகள் பறிபோயின என்பதே என் வாதம்.

வேகமானி:
இறுக்கிப் பார்க்காமலா விட்டார்கள்? மெர்சிடிஸ் அணி தன் 2022 காரான W13-ஐத் தாழ்வாகவும் விறைப்பாகவும் ஓட்டியபோது பாதையின் ஒவ்வொரு மேடும் ஓட்டுநரின் முதுகில் விழுந்தது. அஜர்பைஜானின் பாகு பந்தயம் முடிந்து அவ்வணியின் ஓட்டுநர் ஹாமில்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காரைவிட்டு இறங்கவே தடுமாறிய காட்சியை நான் மறக்கவில்லை. காரின் சிறு மாதிரிமேல் காற்றை ஊதிப் பார்க்கும் ஆய்வகக் காற்றுச் சுரங்கச் சோதனையில் மாதிரியின் அளவு உண்மைக் காரின் 60 விழுக்காட்டையும், காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டரையும் தாண்டக்கூடாது என்பது விதி. எனவே பாதையில் இறங்கும்வரை இந்தத் துள்ளலின் முழு அளவு பலருக்குப் புலப்படவில்லை. பிழையான அடித்தளத்தை எந்த ஸ்பிரிங்கால் காப்பாற்ற முடியும்?

கடைசிச் சுற்று:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் எதுவாயினும், உடலில் அதைத் தாங்கியவர் ஓட்டுநர். 2022 பெல்ஜியப் பந்தயம் முதல் செங்குத்து அதிர்வுக்கு வரம்பு விதித்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கணினி கட்டுப்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷனை 1994-இல் தடைசெய்யாதிருந்தால் இந்த வாதமே எழுந்திராது. 1992-இல் வில்லியம்ஸ் FW14B தன் உயரத்தைத் தானே காத்துக்கொண்டு ஓடி, ஓட்டுநர் மான்செல்லுக்கு ஒன்பது வெற்றிகளைத் தந்தது.

சுருள்வில்:
அந்த எடுத்துக்காட்டு என் பக்கமே நிற்கிறது. தரைத்தளம் உயரத்துக்கு எவ்வளவு அடிமை என்பது 1981-லேயே தெரிந்த செய்தி. நிற்கும்போது 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வந்ததும், பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரி, ஓடும்போது காற்றின் அழுத்தத்தாலேயே கீழிறங்கி, வேகம் குறைந்ததும் மெல்ல எழும் சஸ்பென்ஷனைப் பொருத்தினார். 2022-இல் மற்ற அணிகளுக்கிருந்த அதே விதிகளுக்கு உட்பட்டுத்தான் ரெட் புல் அணி 22 பந்தயங்களில் 17-ஐ வென்றது. முன் சஸ்பென்ஷனின் இணைப்புக் கைகளைச் சரிவாகப் பொருத்தி, பிரேக் பிடிக்கையில் மூக்கு குத்துவதைக் குறைத்ததால், அவர்களின் தரைத்தளத்துக்கு நிலையான உயரம் கிடைத்தது. அதை ஸ்பிரிங்கின் விறைப்பால் மட்டும் பெற்றிருக்க முடியாது.

வேகமானி:
ரெட் புல்லைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கும் தரைத்தளம் எந்த உயரத்தைக் கேட்டதோ, அந்த உயரத்தைக் கொடுக்கத்தான் சஸ்பென்ஷன் வரையப்பட்டது. கேட்பது காற்று, கொடுப்பது கம்பி.

சுருள்வில்:
கொடுக்க முடியாததைக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஆஸ்டின் பந்தயத்தில் ஒரே ஒரு பயிற்சி அமர்வோடு காரின் உயரம் முதலான அமைப்பை இனி மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டியிருந்தது. பாதையோ மேடுபள்ளம் நிறைந்தது. இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த லெக்ளேரும், காரின் அடியில் பொருத்தப்படும் அடிப்பலகை தரையில் உரசி அளவுக்கு மீறித் தேய்ந்ததால் தகுதி நீக்கம் பெற்றனர். அப்போது துள்ளல் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. உயரத்தில் தவறவிட்ட சிறு அளவு மட்டும் தீரவில்லை.