ஈழப் போர் முடிந்த அந்த வருடம், 2009இல், நீங்கள் எந்தத் தெருவில் நின்றீர்கள்?

லண்டன்

போர் வேண்டாம் என்று நான் தெருவில் இறங்கியது இரண்டு முறை. முதல் முறை 2003 பெப்ரவரி 15, ஈராக் மீது படை எடுக்கக் கூடாது என்று நடந்த ஊர்வலம். லண்டனுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கூடப் படித்த பெடியள் இழுத்துக்கொண்டு போனார்கள். விறைக்கிற குளிர். தேம்ஸ் கரையில் தொடங்கி பிக்கடில்லிக்கு வந்து சேரவே மூன்று மணி நேரம், அவ்வளவு சனம். பொலிஸ் ஏழரை லட்சம் என்றது, ஏற்பாட்டாளர்கள் இருபது லட்சம் வரை சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் நாயின் கழுத்திலும் ஒரு மட்டையைக் கட்டி நடத்திக்கொண்டு போனாள். இத்தனை பேர் வேண்டாம் என்றால் சண்டை எப்படித் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுப் படுத்தேன். மார்ச் 20 தொடங்கிவிட்டது.

இரண்டாவது முறை 2009. அதற்குள் எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஆனால் இந்த முறை போர் இலங்கையில், அக்கா குடும்பம் வன்னிக்குள், சண்டைக்கு நடுவில் இருந்தது.

ஏப்ரல் 6 திங்கட்கிழமை பின்னேரம் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது: உடனே வெஸ்ட்மின்ஸ்டருக்கு வா. அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. போய்ச் சேரும்போது மாணவர்கள் பாலத்தின் நடுவில் குந்திவிட்டார்கள். அப்போதிருந்த 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடாளுமன்றத்துக்குக் கிட்ட ஆர்ப்பாட்டம் செய்யப் பொலிஸிடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. இரவு முழுக்கப் பாலம் மூடியே கிடந்தது. காலையில் எங்களை நாடாளுமன்றச் சதுக்கத்துப் புல்வெளிக்கு ஒதுக்கினார்கள். அங்கே தொடங்கி எழுபது நாள்களுக்கு மேல் இழுத்தது.

நான் அப்போது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. விடிய ஆறு மணிக்குக் கல்லாவை ஒப்படைத்துவிட்டு ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் ஏழு மணிக்குச் சதுக்கம். பிளாஸ்கில் தேத்தண்ணி, பையில் பாண். முதல் கிழமையிலேயே புல்லெல்லாம் மிதிபட்டுச் சேறாகிவிட்டது. உண்ணாவிரதம் இருந்த பரமேஸ்வரனின் கூடாரத்தைச் சுற்றி எப்போதும் நாலு அன்ரிமார் இருப்பார்கள். மூன்று கிழமைக்கு மேல் சாப்பிடாமல் கிடந்த மனிதரை, ஒளித்து பர்கர் சாப்பிட்டார் என்று பிறகு இரண்டு நாளிதழ்கள் எழுதின. அவர் வழக்குப் போட்டு, 2010இல் இரண்டும் மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் கொடுத்தன. பொய்ச் செய்தி போன தூரம் மன்னிப்பு போகவில்லை. போன வருடம்கூட ஒருவர் என்னிடம் அந்த பர்கர் கதையைச் சொன்னார்.

மறக்க முடியாதது ஒரு பொலிஸ்காரப் பெடியன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஒருநாள் விடியற்காலை வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். உன் ஆட்கள் யாரும் அங்கே இருக்கிறார்களா என்று கேட்டான். அக்கா, அத்தான், மூன்று பிள்ளைகள், ஜனவரிக்குப் பிறகு தொடர்பு இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தன் அண்ணன் ஹெல்மண்டில் இருக்கிறான், ஆப்கானிஸ்தானில், அம்மா ஒவ்வொரு நாளும் வீட்டு மணி அடித்தாலே பயப்படுகிறாள் என்றான். பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினேன், வேலை நேரத்தில் கூடாது என்றான். பதினொரு மணிக்கு மாணவர்கள் மறுபடி றோட்டில் இறங்கினார்கள். அவர்களைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி எறிந்த வரிசையில் அவனும் நின்றான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

எங்களுக்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையில் பிறையன் ஹோ இருந்தார். ஈராக்குக்காக 2001 ஜூனிலிருந்து அதே இடத்தில் கூடாரம் போட்டிருந்த மனிதர், தொப்பி நிறையப் பதக்கம்போல பட்ஜ் குத்தியிருப்பார். எங்கள் பறைச் சத்தத்தில் அவருடைய ஒலிபெருக்கி கேட்காமல் போகும் நாள்களில் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கொடி விஷயத்தையும் சொல்ல வேண்டும், மறைக்க ஒன்றுமில்லை. சதுக்கம் முழுக்கப் புலிக்கொடி. பிரிட்டனில் 2001இலிருந்து விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குத் தடை. பாலத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ராக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி என்னிடம் கேட்டது, அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று அல்ல, அது என்ன கொடி என்றுதான். நான் விளக்கத் தொடங்க, சிக்னல் விழுந்து போய்விட்டார். சனம் சாகும்போது சனத்தின் படத்தைப் பிடியுங்கள், கொடியைப் பிறகு பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு ஒரு ஐயா என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. அவருக்கு அந்தக் கொடி மகன். உண்மையாகவே மகன், சண்டையில் செத்த மாவீரன். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இன்றும் என் கருத்து மாறவில்லை.

ரொறன்ரோ

அண்ணா, கொடி பற்றி நீங்கள் எழுதியது அப்படியே இங்கேயும் நடந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

நான் சொல்ல வந்தது கார்டினர் நெடுஞ்சாலை. மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். அம்மாவுக்கு மத்தியானம் ஒரு கேக் வெட்டிவிட்டு இரண்டு பேரும் ஆர்ப்பாட்டத்துக்குப் போனோம். அதற்கு முந்தின இரவு முள்ளிவாய்க்காலில் நூற்றுக்கணக்கில் செத்துவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஸ்பாடைனாப் பக்கம் நின்ற கூட்டம் பின்னேரம் திடீரென்று நகரத் தொடங்கியது. எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே நடந்தோம். தார் மேலே ஏறுகிறது என்று கால்தான் முதலில் சொன்னது. பார்த்தால் நெடுஞ்சாலையில் நிற்கிறோம். காரில் ஆயிரம் முறை போன இடம். நடந்து போனால் அது எவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்தது. ஏரிக் காற்று வேறு. தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருந்த ஒரு அக்காவின் சால்வை பறந்து போய் வேலிக்கு வெளியே விழுந்தது, எடுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு விடிய ஐந்து மணிக்கு ஃபாக்டரி வேலை. ஒவ்வொரு அரை மணிக்கும் "எத்தினை மணியடி?" என்று கேட்பா. எழும்பிப் போவோமா என்றால் "கொஞ்சம் பொறு" என்பா. நள்ளிரவு வரை இருந்தோம். லிபரல் கட்சி நாடாளுமன்றத்தில் பேசும் என்று உறுதி கொடுத்த பிறகுதான் கூட்டம் இறங்கியது.

அடுத்த நாள் வேலையில் கூட நிற்கிற ஒரு பெண், நல்ல மனுஷி, என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். அன்னையர் தினத்துக்குத் தன் தாயைப் பார்க்கப் போனவள், போக்குவரத்தில் மூன்று மணி நேரம் மாட்டியிருக்கிறாள். தாய் சாப்பாட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். ரேடியோவில் அந்தக் கிழமை முழுக்க, குழந்தைகளை ஏன் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனார்கள் என்பதுதான் பேச்சு. ஜனவரியில் நகரத்தின் நடுவில் கிலோமீட்டர் கணக்கில் மனிதச் சங்கிலி பிடித்தோம், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல், நடைபாதையை விட்டு இறங்காமல். அதை ஞாபகம் வைத்திருக்கிற கனடாக்காரர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அண்ணா, கேட்கலாமா தெரியவில்லை. உங்கள் அக்கா குடும்பம்?

சென்னை

நான் சும்மா படித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். 2008 அக்டோபர் 24 இங்கே ஈழத்துக்காக நடந்த மனிதச் சங்கிலியில் நின்றேன். கொட்டுகிற மழை. பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது, கையை மட்டும் விடவே இல்லை. அப்புறம் ஜனவரியில் பத்திரிகையாளர் முத்துக்குமார், போரை நிறுத்தச் சொல்லி, மத்திய அரசு அலுவலகமான சாஸ்திரி பவன் முன்னால் தீக்குளித்து இறந்தார். கொளத்தூரிலிருந்து கிளம்பிய இறுதி ஊர்வலத்தில் எங்கள் விடுதிப் பையன்கள் முப்பது பேர் போனோம். கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போய்த் திரும்பினால், கல்லூரிகளையும் விடுதிகளையும் காலவரையின்றி மூடச் சொல்லி அரசு உத்தரவு. வார்டன் வந்து, "சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணுங்கப்பா" என்றார். திட்டவில்லை, குரலே இல்லாமல் சொன்னார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா, "அரியர் எத்தனை?" என்று கேட்டார். என் போராட்டம் அவ்வளவுதான். மாதக்கணக்கில் நின்றவர்கள் முன்னால் இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, சொல்லாமல் போகவும் மனசு வரவில்லை.

லண்டன்

தம்பி, சங்கடப்பட ஒன்றுமில்லை. அந்த மழைச் சங்கிலியின் படத்தை எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தோம்.

தங்கச்சி, கேட்டதில் தவறில்லை. ஏப்ரல் 20 புதுமாத்தளன் மண் அணையை இராணுவம் உடைத்தபோது ஒரு லட்சத்துக்கு மேல் சனம் வெளியே வந்தது. அதில் அக்கா இருப்பா என்று நானும் மற்றவர்கள் மாதிரி இணையத்தில் வந்த ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. மே நடுப்பகுதியில்தான் வந்திருக்கிறா. அத்தான் வரவில்லை. மூத்தவனும் வரவில்லை. ஜூன் மாதம் மெனிக் பாம் முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் கூப்பிட்டா. நான் சதுக்கத்தில்தான் நின்றேன். அப்போது நூறு பேர்கூட மிச்சமில்லை.

இரண்டு நிமிடம்தான் கதைக்கலாம் என்றா. பிள்ளைகளைச் சொன்னா, பிறகு அவரைச் சொன்னா. எனக்குச் சத்தம் வரவில்லை. பிறகு தானாகவே கேட்டா: "நீங்கள் எல்லாம் அங்கை றோட்டிலை நிண்டியளாம், உண்மையோ?"

ஓம் என்றேன்.

"ரேடியோவிலை சொன்னவங்கள். லண்டனிலை லட்சக்கணக்கிலை சனம் எண்டு. அதைக் கேட்டுப்போட்டு உன்ரை அத்தான், இனி எங்களைக் காப்பாத்தக் கட்டாயம் கப்பல் வரும், ரெண்டு நாள் பொறுப்பம் எண்டு சொன்னவர். பக்கத்துப் பங்கர் ஆக்கள் ஏப்ரலிலையே வெளிக்கிட்டவை."

குறை சொல்கிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொல்கிற குரல். நான் கேட்க நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, சாப்பிட்டியா அக்கா என்று கேட்டேன். வரிசையில் இன்னும் ஆள் நிக்குது என்று போனைக் கொடுத்துவிட்டா.

பக்கத்தில் நின்ற அன்ரி, வீட்டில் நல்ல செய்தியோ என்று கேட்டா. அக்கா உயிரோடு இருக்கிறா என்றேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியோ, நாங்கள் நிண்டது வீண் போகேல்லை" என்றா. நான் ஓம் என்று தலையாட்டினேன்.