ஹாட் பிரஸ் மோட்டார் ஓயாமல் ஓடுகிறது, பம்பு போய்விட்டதா?

கோட்டையூர் பட்டறை:
காரைக்குடி பக்கத்தில் ஃப்ளஷ் டோர், அதாவது பிளைவுட் ஒட்டின தட்டைக் கதவு, போடுகிற பட்டறை வைத்திருக்கிறேன் (பர்மாத் தேக்கு நிலைக்கதவு நிற்கிற ஊரில் இதெல்லாம் ஒரு கதவா என்று கேட்காதீர்கள், பிழைப்பு). கதவைச் சூடாக அமுக்கி ஒட்டுகிற ஹாட் பிரஸ்ஸில் ஆயில் அழுத்தம் 150 பாருக்கு ஏறினால் பம்பு மோட்டார் நிற்கும், 100க்கு இறங்கினால் தானாக ஓடும். முன்பு ஒரு கதவு பசை பிடிப்பதற்குள் இரண்டு தடவை ஓடினால் அதிகம். இப்போது நிமிஷத்துக்கு ஒன்று. கேஜ் முள் துள்ளுகிறது. ஆயில் மாற்றியாகிவிட்டது, எங்கேயும் ஒழுகவில்லை. மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார். பக்கத்தில் 10 லிட்டர் கறுப்பு உருளை ஒன்று நிற்கிறது, வாங்கின நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

தேவகோட்டை:
ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடுகிற செக் வால்வ் சரியாக உட்காராவிட்டாலும் ஆயில் உள்ளுக்குள்ளேயே டேங்குக்குத் திரும்பிவிடும், வெளியே தெரியாது. அதைக் கழற்றிப் பாருங்கள்.

பள்ளத்தூர் (ஓய்வு பெற்ற ஃபிட்டர்):
தம்பி, எதையும் கழற்றாதே. அந்த உருளைதான் அக்குமுலேட்டர். ஆயிலை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்குவது கொஞ்சம்தான், 70 பாருக்கு அரை சதவீதம் என்று வைத்துக்கொள், அதனால் ஆயிலுக்குள் சக்தியைச் சேர்த்துவைக்க முடியாது. உருளைக்குள் ரப்பர் பை இருக்கிறது, அதில் நைட்ரஜன். பம்பு தள்ளுகிற ஆயில் பையை நசுக்கும், அப்புறம் பை விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளும். சொட்டுச் சொட்டாகக் கசிவது எல்லா பிரஸ்ஸிலும் உண்டு, அதை ஈடுகட்டுவது அந்தப் பைதான்.

சோதனை சுலபம். பிரஸ்ஸில் கதவு இல்லாதபோது மோட்டாரை நிறுத்தி, ஆயிலை டேங்குக்கு வடிக்கிற ட்ரெயின் வால்வைக் கொஞ்சமாகத் திற. முள் மெல்ல இறங்கி ஓரிடத்தில் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழும். விழுகிற இடம்தான் உள்ளே இருக்கிற கேஸ் அழுத்தம். உன் பிரஸ்ஸுக்கு 90 பார் இருக்கவேண்டும், அதாவது கீழ் அழுத்தத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு.

கோட்டையூர் பட்டறை:
அண்ணே, 30ல் விழுந்தது! டயர் கடையில் நைட்ரஜன் அடிக்கிறார்களே, அங்கே கொண்டுபோகலாமா?

பள்ளத்தூர்:
அந்த மிஷின் 90 பாருக்கு எங்கே போகும். சிலிண்டரும் சார்ஜிங் கிட்டும் வைத்திருக்கிற ஆளைப் பிடி. வெல்டிங் கடை ஆக்சிஜன் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

கணக்கு இதுதான்: 90 பார் இருந்தால் 100ல் கேஸ் 9 லிட்டர் இடம் பிடிக்கும், 150ல் 6. ஆக 3 லிட்டர் ஆயில் கையிருப்பு. 30 பாரில் அதே கணக்குக்கு 3, 2. ஒரு லிட்டர்தான் மிச்சம், அதுதான் மோட்டார் ஓயவில்லை. அடிப்பதற்கு முன் ஆயில் பக்கம் முழுக்க வடிந்து கேஜ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். கேஸ் வால்வில் ஆயில் வந்தால் பை கிழிந்திருக்கிறது, மாற்றித்தான் ஆகவேண்டும். முதலில் மெதுவாக ஏற்றச் சொல், வேகமாக ஏற்றினால் பை கீழ்வாயில் சிக்கிக் கிழியும்.

கோட்டையூர் பட்டறை:
வால்வில் ஆயில் இல்லை. சோப்புத் தண்ணீர் தடவினதும் நுரை பொங்கியது, வால்வ் ஊசிதான் காரணம். அதை மாற்றி, திருச்சியிலிருந்து ஆளை வரவழைத்து 90 ஏற்றியாயிற்று. ஆனாலும் ஒரு கதவுக்கு மோட்டார் ஐந்து தடவை ஓடுகிறது அண்ணே.

பள்ளத்தூர்:
இப்போது தேவகோட்டைக்காரர் சொன்ன செக் வால்வைக் கழற்று. கேஜ் பூஜ்யம் பார்த்துவிட்டு.