சீனத்து ‘மா’வும் நம்ம ‘மா’வும் சொந்தமா?

முதுமாணவன்:
52 வயதில் சீனம் படிக்கிறேன். நேற்று குதிரைக்கு என்ன சொல் என்று பார்த்தால், ‘மா’! நம் சங்கப் பாட்டுகளில் தேரில் பூட்டியதும் மா தானே? ராத்திரி தூக்கமே வரவில்லை. இரண்டு மொழிக்கும் பழைய உறவு ஏதும் இருக்குமா? சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘இருக்கிறது’ என்றே போட்டுவிட்டேன், 11 பேர் கைதட்டிவிட்டார்கள். ஆதாரம் அவசரம்.

ஈற்றெழுத்து:
கைதட்டலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார். நம்ம மா குதிரைக்கென்றே பிறந்த சொல் இல்லை, பொதுவாக விலங்கு. ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்கிறது தொல்காப்பிய மரபியல். கை உள்ள மா கைம்மா, அதாவது யானை. சிங்கம் அரிமா. அந்த வரிசையில் குதிரையும் ஒரு மா, அவ்வளவுதான்.

சீனத்தில் அது குதிரையேதான், ஆனால் ஒலி தேய்ந்துபோனது. பழஞ்சீன ஒலிப்பை மீட்டுருவாக்கியவர்கள் மகரத்தை ஒட்டி ஒரு ரகரம் வைக்கிறார்கள், கிட்டத்தட்ட ‘ம்ரா’. பழைய பர்மியத்தில் குதிரை ‘ம்ரங்’. அதுதான் இதற்குப் பங்காளி. ரகரம் உதிர்ந்த பிறகு மிஞ்சியதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த மா. சொந்தமாக இருந்தால் பழங்காலத்துக்குப் போகப்போக இரண்டும் நெருங்கி வர வேண்டும். இங்கே விலகிப் போகிறதே!

அரைக்காணி:
குதிரையை விடுங்க தம்பி. கீழ்வாயிலக்கத்தில், அதாவது நம்ம பழைய பின்னக் கணக்கில், மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் மாகாணி, 1/16. போட்டுப் பாருங்க, சரியாக வரும். பேரிலேயே கூட்டல் கணக்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது யாருக்குத் தெரிகிறது இப்போது?

அரைத்த மா, பழுக்கிற மா எல்லாம் வேறு கதை. கடல் தாண்டிய சொந்தம்தான் வேண்டுமென்றால் பழுக்கிற மாவைப் பிடியுங்க. மலையாளத்து மாங்ஙா, நம்ம மாங்காய் வழியாகத்தான் போர்ச்சுகீசியனுக்கு ‘மங்கா’. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ‘மேங்கோ’. கப்பலில் போன சொல்.

முதுமாணவன்:
நன்றி ஐயா, நன்றி ஈற்றெழுத்து. குழுவில் திருத்தம் போட்டேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு ஆசிரியையிடம் பெருமையாக ‘மா’ என்றேன். குரல் தாழ்ந்து ஏற வேண்டுமாம். நான் மேலிருந்து ஒரே இறக்காக இறக்கிவிட்டேன், குரல் மாறினால் பொருளும் மாறுமாம், குதிரை போய் ‘திட்டு’ ஆகிவிட்டது.