சேலைப் போர்வை தைக்க எந்தச் சாமான் உண்மையிலேயே உதவும்?

நகரிப் பெண்:
வணக்கம். திருத்தணி தாண்டி ஆந்திரப் பக்கம் நகரியில் இருக்கிறேன். அம்மாவின் பருத்திச் சேலைகள் 11 பீரோவில் கிடக்கின்றன, யாரும் கட்டப் போவதில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனம் வரவில்லை. எங்கள் தெருவில் தெலுங்குக்காரப் பாட்டிமார் பழைய சேலைகளை அடுக்கிக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுப் பொந்த என்கிற போர்வை தைப்பார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் எனக்குக் கட்டம் கட்டமாக வெட்டிச் சேர்த்து, நடுவில் பழைய வேட்டி வைத்து, கால் மிஷினில் தைக்க ஆசை. ஒரு சேலையை வெட்டிப் பார்த்தேன், 6 அங்குலக் கட்டம். ஐந்து கட்டம் சேர்த்தால் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம் வித்தியாசம். மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டினால் மேல்துணி தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் சுருங்கி நிற்கிறது. இன்னொரு சேலையை வீணாக்கப் பயமாக இருக்கிறது. கடையில் விற்பதெல்லாம் வாங்க முடியாது. நீங்கள் தினமும் கையில் எடுக்கிற சாமான் எது, அதைச் சொல்லுங்கள்.

பாறசாலை டெய்லர்:
தங்கச்சி, அந்த அரை அங்குலம் எங்கே போகிறது தெரியுமா? கால் அங்குலம் பிடிக்க வேண்டிய தையலில் அரை நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடப் பிடித்தால், இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு நூல் போய்விடும். ஐந்து கட்டத்துக்கு நாலு தையல், நாலு நூல், அவ்வளவுதான் கணக்கு. கண்ணால் பார்த்து இதைக் கட்டுப்படுத்த முடியாது. ஊசி இறங்கும் இடத்திலிருந்து வலது பக்கம் கால் அங்குலம் அளந்து, புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியை நாலைந்து மடிப்பாக மிஷின் தட்டில் ஒட்டுங்கள், துணி ஓரம் அந்த வரப்பை உரசிக்கொண்டே போகட்டும். கடையில் எத்தனையோ சாமான் வாங்கி வைத்திருக்கிறேன், இன்றைக்கும் எனக்கு அந்தப் பிளாஸ்திரிதான் பெரிது. அப்புறம், இஞ்ச் டேப்பில் கட்டம் அளக்காதீர்கள், பழைய டேப் இழுபடும். ஒரு அடி எஃகு ஸ்கேல் வாங்குங்கள். கோடு போடத் தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டு போதும், ஒரே சலவையில் போய்விடும்.

பீர்மேடு அக்கா:
டெய்லர் அண்ணன் சொன்னது சரி, ஆனால் சேலை நழுவுகிற துணி, வெட்டும்போதே கோணும். முதலில் சோற்றுக்கஞ்சி போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டிப் பாருங்கள், காகிதம் மாதிரி நிற்கும். காசு இருந்தால் ரோட்டரி கட்டர். ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி 1979-ல் கொண்டுவந்த சாமான், பிளேடு சக்கரம் மாதிரி உருண்டு வெட்டும், 45 மில்லிமீட்டர் அளவு எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் அதற்கென்று உள்ள பாயும் சேர்த்து வாங்க வேண்டும், தரையில் வைத்து வெட்டினால் பிளேடு போச்சு. கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடி வையுங்கள், என் இடது பெருவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான் விடவே மாட்டேன் என்கிற சாமான், தையல் பிரிக்கிற சீம் ரிப்பர்தான். அதன் ஒரு முனையில் சின்னச் சிவப்பு மணி இருக்கும், அது துணி பக்கம் போகும்படி தையலுக்குள் நுழைத்தால் துணி கிழியாது. பலர் மணியை மேலே வைத்துத்தான் ஓட்டை போடுகிறார்கள். பழைய சேலைக்கு இது ரொம்ப முக்கியம், இழை இற்றுப்போயிருக்கும்.

இங்கே மழைக்காலத்தில் ஊசியெல்லாம் துரு பிடித்துவிடும். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பாட்டிமார் சீப்பில் வரும் முடியைச் சேர்த்துத் துணிப்பையில் அடைத்து அதில்தான் ஊசி குத்தி வைப்பார்கள். முடியில் இருக்கும் எண்ணெய் துரு வராமல் காக்கும்.

கொழிஞ்சாம்பாறை:
மேல்துணி சுருங்குவதற்கு மருந்து, மிஷின் பாதத்துக்குப் பதிலாக மாட்டுகிற வாக்கிங் ஃபுட். கீழே இருக்கும் பல் துணியை இழுக்கும்போது இது மேல்துணியையும் கூடவே இழுக்கும். பழைய கறுப்பு மிஷினுக்கும் பொருந்துவது இருக்கிறது, 'லோ ஷாங்க்' (பாதம் மாட்டும் தண்டு குட்டையான வகை) என்று கேளுங்கள், அதன் கவடு ஊசித் திருகின் மேல் உட்காருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்கு முன்னால் செலவில்லாத ஒன்று: மிஷின் தலையில் அழுத்தத் திருகு இருக்குமே, அதைச் சற்றுத் தளர்த்தித் தையல் நீளத்தைக் கூட்டுங்கள். நாலு விரல் இடைவெளியில் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

நகரிப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. பிளாஸ்திரி ஒட்டி, கஞ்சி போட்ட கட்டங்களைச் சேர்த்தேன். நாலு தையலில் இரண்டு அங்குலம் போக, ஐந்தும் சேர்ந்து சரியாக 28 அங்குலம் வந்தது, மூன்று தடவை அளந்தேன். திருகைத் தளர்த்தியதில் சுருக்கமும் பாதி போய்விட்டது, வாக்கிங் ஃபுட் அடுத்த மாதம்தான். அக்கா, ஒரே ஒரு சந்தேகம். அம்மா தானே ஒட்டுப்போட்ட ஒரு கிழிசல் ஒரு கட்டத்தில் நடுவே வருகிறது, கறுப்புச் சேலையில் நீல நூல். அதைப் பிரிக்காமல் அப்படியே வைக்க வேண்டும். மேலே மிஷின் ஓட்டினால் தாங்குமா?

பீர்மேடு அக்கா:
மிஷின் வேண்டாம் கண்ணு. பின்னால் மெல்லிய மல் துணி வைத்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். நீல நூல் மேலேயே தெரியட்டும்.