கிஸ் மீ அகெய்ன் (1925) ஊமைப்படம் யாரிட்டயாச்சும் இரிக்கா?

கல்லடிப்பாலம்:
நாங்க மட்டக்களப்பில ஏழெட்டுப் பேர் மாசத்துக்கு ஒருக்கா மொட்டைமாடில படம் போட்டுப் பாக்கிறம். இந்த முறை ஊமைப்படம் போட்டு பக்கத்தில கீபோர்ட் வாசிக்கிறது எண்டு பிளான். எர்ன்ஸ்ட் லுபிட்ச் எடுத்த கிஸ் மீ அகெய்ன், புருஷன் பொஞ்சாதி சண்டை, நடுவில ஒரு பியானோக்காரன், நல்ல பகிடி எண்டு வாசிச்சு டேட்டாவை எல்லாம் கொட்டி ஒண்டை இறக்கிப் போட்டா படத்தில ஆக்கள் பாட்டுப் பாடுறாங்க!! ஊமைப்படத்தில எப்பிடி மச்சான் பாடுவாங்க

ரீல்பெட்டி:
தம்பி நீங்க இறக்கினது 1931இல வந்த பேசும்படம். பேர்தான் ஒண்டு, கதையும் வேற, டைரக்டரும் வேற. 1925 படம் எங்கயும் இல்ல, தொலைஞ்சு போச்சு. மரி பிரெவோ, மொன்டி புளூ, பிறகு பெரிய ஸ்டாரான கிளாரா போ எல்லாம் நடிச்சது, மிச்சம் இரிக்கிறது ஸ்டில் படங்கள்தான்.

சம்மாந்துறையான்:
காக்கா, ஒரு படம் முழுசா எப்பிடி காணாமப் போகும், கொப்பி எடுத்துத்தானே ஊர் ஊரா ஓட்டினாங்க?

ரீல்பெட்டி:
அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட். பத்தினா தண்ணி ஊத்தியும் அணைக்க ஏலா, எரியிறதுக்கு வேண்டிய ஒக்சிஜனை அதே குடுத்துக்கும். பத்தாட்டியும் வெக்கைக்குள்ள கிடந்தா பிசுபிசு எண்டு ஒட்டிக் கடைசில தூளாப் போயிரும். பேசும்படம் வந்தாப் பிறகு ஊமைப்படத்துக்கு விலையில்ல, பிலிமில இரிக்கிற வெள்ளியை உருக்கி எடுக்கிறதுக்கே கனக்க அழிச்சாங்க. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல சொன்ன கணக்குப்படி அங்க எடுத்த ஊமை முழுநீளப் படத்தில ஒரிஜினல் வடிவத்தில மிஞ்சினது 14 வீதம்தான். நம்மட பக்கம் மட்டும் என்ன, நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம் கீசக வதமும் இல்ல, முதல் தமிழ்ப் பேசும்படம் 1931 காளிதாசும் இல்ல. எங்கட வீட்டில 78 சூறாவளியோட அம்மாட கலியாணப் படமே போச்சு, அது வேற கதை.

வாவிக்கரை அக்கா:
கிஸ் மீ அகெய்ன் கதை எங்கயிருந்து வந்தது எண்டு பாத்தாத்தான் ருசி. விக்டொரியன் சார்து இன்னொருத்தரோட சேந்து 1880இல எழுதின பிரெஞ்சு நாடகம், அங்க நிப்பாட்டி வச்ச விவாகரத்துச் சட்டம் திரும்ப வந்ததே 1884இல. பொஞ்சாதிக்கு வேற ஒருத்தனில கண். புருஷன் கத்தவுமில்ல அடிக்கவுமில்ல, "சரி பிரிவம், அவனையே கட்டு" எண்டு வழி விடுறான். அவ்வளவுதான், ஒளிச்சுப் பாக்கிறதில இருந்த இனிப்புப் போய் கள்ளக் காதலன் சப்பெண்டு ஆகிடுவான், புருஷன்தான் ஒளிச்சுச் சந்திக்கிற ஆளாத் தெரிவான். எங்கட ஊர்ல எண்டா இதுக்கிடையில ரெண்டு வீட்டு ஆக்களும் வந்து இறங்கியிருப்பாங்க, கதை பத்து நிமிசத்தில முடிஞ்சிரும்.

லுபிட்ச் அதே கதையை 1941இல தட் அன்சர்ட்டன் ஃபீலிங் எண்டு திருப்பி எடுத்தார், அது முழுசாக் கிடைக்கும். அதில பொஞ்சாதிக்கு விக்கல் நிக்காமத்தான் டொக்டரிட்டப் போறா. நடிச்சது மெர்ல் ஒபெரொன், பொம்பாயில பிறந்த ஆள், தாய்ப் பக்கத்து வேர் நம்ம சிலோன். அதை மறைச்சு டாஸ்மேனியாவில பிறந்த எண்டு சொல்லியே ஹொலிவுட்டில சீவிச்சா, பாவம்.

ரீல்பெட்டி:
அதுவும் பேசும்படம்தானே அக்கா, தம்பிக்குக் கீபோர்ட் வாசிக்கணுமே. 1924 த மேரேஜ் சர்க்கிள் போடுங்க. அதே லுபிட்ச், அதே மொன்டி புளூவும் மரி பிரெவோவும், சிநேகிதிட புருஷனுக்கு வலை வீசுற கதை. ஒரு கதவு திறக்கிறதிலயும் ஒரு பார்வையிலயும் ஆரு ஆரோட எண்டு விளங்கப் பண்ணுவார், எழுத்து அட்டை கனக்கத் தேவைப்படா.

கல்லடிப்பாலம்:
அப்ப அதுதான். ஒண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல நிப்பாட்டாம வாசிக்கணும் எண்டு கீபோர்ட்காரனுக்குச் சொன்னன், கரண்ட் போனா தப்பினன் எண்டான்.